எலி மூளையில் ஒருவகை நியூரானை மட்டும் எடுப்பது: 192-ஐஜிஜி-சப்போரின் செய்முறை

எலியின் மீடியல் செப்டத்தில் (முன்மூளையின் நடுவில், ஹிப்போகாம்பஸுக்கு நரம்பிழை அனுப்பும் பகுதி) மின்முனையை இறக்கிக் கருக்கினால், அங்கே இருக்கும் கோலினர்ஜிக் செல் (அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நியூரான்), காபா செல் (காபாவைச் சுரக்கும் நியூரான்), அந்த வழியாகச் சும்மா கடந்துபோகும் நரம்பிழை எல்லாம் ஒன்றாகப் போய்விடும். இரண்டு வாரம் கழித்து அந்த எலி நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை நினைவில் வைத்துத் தேடும் சோதனையில் தடுமாறினால், எது போனதால் தடுமாறுகிறது என்று சொல்ல வழியில்லை. கோலினர்ஜிக் செல்லை மட்டும் எடுக்கும் கருவி 1990-களில் கைக்கு வந்த பிறகு, அதே சோதனையில் பல ஆய்வகங்களில் தடுமாற்றம் மிகக் குறைவாகவே தெரிந்தது. நினைவாற்றல் என்றால் அசிட்டைல்கோலின் என்று நேர்க்கோடு போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய சிக்கலானது.

அந்தக் கருவிதான் 192-ஐஜிஜி-சப்போரின்: செல்லைத் தேடிப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியோடு கோத்த நஞ்சு. விலை அதிகம், அளவு மிகக் கொஞ்சம், தவறு செய்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். வேலூர் போன்ற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்பவர்களுக்கு வெயில், மின்சாரம், பார்சல் என்று கூடுதலாக மூன்று கவலைகள். வரிசையாகப் பார்ப்போம்.

பூட்டு எது, சாவி எது

சப்போரின் என்பது சபோனாரியா அஃபிசினாலிஸ் என்ற செடியின் விதையில் உள்ள புரதம், ஏறத்தாழ 30 கிலோடால்டன். ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏவில் குறிப்பிட்ட ஓர் அடினைனை இது பிடுங்கிவிடும். அத்தோடு அந்த ரைபோசோமால் புரதம் செய்ய முடியாது. சில நாளில் செல் சாகும். நம் ஊர்ப் பாகல் விதையிலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. ஆமணக்கு விதையின் ரைசினுக்குச் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள இன்னொரு சங்கிலி இருக்கிறது. சப்போரினுக்கு அது இல்லை. தனியாக விட்டால் உள்ளே நுழையத் தெரியாமல் வெளியே நிற்கும். இந்தக் குறையால்தான் அது நமக்குப் பயன்படுகிறது. நாம் எந்த ஆன்டிபாடியோடு கோக்கிறோமோ, அந்த ஆன்டிபாடி பிடிக்கும் செல்லுக்குள் மட்டும் போகும்.

192-ஐஜிஜி என்பது எலியின் பி75 நியூரோட்ரோஃபின் ரிசப்டாரை (செல்லின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பி) பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி; ஐஜிஜி என்பது ஆன்டிபாடியின் ஒரு வகை. செப்டம் உட்பட, முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள கோலினர்ஜிக் செல்கள் இந்த ரிசப்டாரை வளர்ந்த பிறகும் நிறைய வைத்திருக்கின்றன. ஆன்டிபாடி ஒட்டியதும் ரிசப்டாரோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்படும், கூடவே சப்போரினும்.

ஆக, இது கோலினர்ஜிக் செல்லைக் கொல்வதில்லை. பி75 வைத்திருக்கும் செல்லைக் கொல்கிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை மறந்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்ட்ரையேட்டத்தின் கோலினர்ஜிக் இடைநியூரான்களுக்கும், மூளைத்தண்டின் கோலினர்ஜிக் கூட்டங்களுக்கும் பி75 கிடையாது, அவை தப்பிக்கும். அமிக்டலாவுக்குப் போகும் அடிப்பகுதிச் செல்களில் பலவும் தப்பிக்கும். மறுபுறம், சிறுமூளையின் பர்கின்ஜி செல்களுக்கு பி75 உண்டு. மருந்தை வென்ட்ரிக்கிளில் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) விட்டால் அவையும் சாகும். எலி தள்ளாடும், நீந்தும் வேகம் குறையும், அதை நினைவுக் குறைபாடு என்று எழுதிவைப்பீர்கள். கேள்வி செப்டத்தைப் பற்றியது என்றால் செப்டத்திலேயே நேராகச் செலுத்துங்கள்.

இன்னொரு பொறி, தமிழில் பேசுகிறவர்களுக்கே உரியது. எலி (rat), சுண்டெலி (mouse) இரண்டையும் நாம் பேச்சில் எலி என்றே சொல்லிவிடுகிறோம். 192 ஆன்டிபாடி எலியின் பி75-ஐப் பிடிக்கும். சுண்டெலியின் பி75-ஐப் பிடிக்காது. சுண்டெலிக்கு அதற்கென்று செய்த வேறு பொருள் இருக்கிறது. விலங்கு இல்லத்தில் சுண்டெலி தயாராக இருக்கிறது என்பதற்காக இதை அதில் போட்டால், ஒரு செல்லும் சாகாது.

சுண்டெலிதான் உங்கள் விலங்கு, கோலினர்ஜிக் செல்களில் கிரீ (மரபணுவை வெட்டித் திருப்பும் நொதி) வெளிப்படும் வம்சமும் கையில் இருக்கிறது என்றால், கிரீ இருந்தால் மட்டும் திறக்கும், செல்லைக் கொல்லும் மரபணுவைச் சுமந்த ஏஏவி வைரஸ் நல்ல வழி. வெளிப்பாட்டுக்கு மூன்று வாரம் விடுங்கள். அதற்கு உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் தனியே வேண்டும். எலியில் கிரீ வம்சங்கள் குறைவு என்பதால் சப்போரின் இன்னும் ஓய்வுபெறவில்லை. எந்த வழி என்றாலும் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பது காசைக் கரைப்பது.

பார்சல் வரும் நாள்

மருந்து உலர்பனியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பொதிந்து வரும். உலர்பனி -78 டிகிரியில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு சாதாரணத் தெர்மாகோல் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிலோ போய்விடும். சித்திரை வைகாசி வெயிலில் மேல் அளவையே கணக்கில் வையுங்கள். சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கிலோமீட்டர்தான், சாலையில் மூன்று மணி நேரம். ஆபத்து அந்த மூன்று மணி நேரத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கிடங்கில் இறங்கி, திங்கள் வரை யாரும் தொடாமல் கிடக்கும் இரண்டு நாளில்தான் இருக்கிறது. பொங்கல் வாரம், தீபாவளி வாரம், ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச் கடைசி, இவற்றைத் தவிருங்கள். செவ்வாய் அல்லது புதன் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்களே காரில் போய் எடுத்துவருகிறீர்கள் என்றால் ஏசி போட்டுக் கண்ணாடியை முழுக்க மூடாதீர்கள். உலர்பனியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு காருக்குள் தேங்கும். ஓட்டுநருக்குத் தலைவலியும் தூக்கமும் வரும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி அப்படி வந்தால் அது சாதாரணத் தூக்கம் அல்ல. ஜன்னலை நான்கு விரல் இறக்கிவிடுங்கள். உலர்பனியை இறுக்கி மூடும் டப்பாவில் அடைக்கவே கூடாது; வெடிக்கும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, உலர்பனி மிச்சம் இருக்கிறதா, வயலில் (சிறு மருந்துக் குப்பி) உள்ளது உறைந்தே இருக்கிறதா என்பது. உருகியிருந்தால் புகைப்படம் எடுத்து அன்றே அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். அடுத்து வயலின் லாட் எண்ணையும் செறிவையும் நோட்டில் எழுதுங்கள். செறிவு லாட்டுக்கு லாட் மாறும். போன தடவை மைக்ரோலிட்டருக்கு 1.6 மைக்ரோகிராம் என்றால் இந்தத் தடவை 1.1 ஆக இருக்கலாம். பழைய கணக்கை அப்படியே போடுவதால் கெட்டுப்போகும் சோதனைகள் கொஞ்சநஞ்சம் அல்ல.

பங்கு பிரிப்பது

ஒரு முறை உருக்கி, அப்போதே முழுவதையும் சிறு பங்குகளாகப் பிரித்து, திரும்ப -80-இல் வையுங்கள். மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் புரதம் திரளும். திரண்டது செல்லுக்குள் போகாது, ஊசியையும் அடைக்கும்.

பனிக்கட்டி மேல் மெதுவாக உருக விடுங்கள். வோர்டெக்ஸ் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். பிப்பெட்டால் நான்கைந்து முறை மெல்ல ஏற்றி இறக்கினால் போதும். புரதம் ஒட்டாத பிளாஸ்டிக்கில் செய்த 0.2 மி.லி. குழாய்களில், குழாய்க்கு 3 மைக்ரோலிட்டர். நீர்க்காமல் மூலச் செறிவிலேயே உறைய வையுங்கள்; நீர்த்த புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டியே பாதி காணாமல் போகும். வடிகட்டியில் ஊற்றாதீர்கள், அங்கேயும் இதே கதைதான்.

-20 ஃப்ரீசர் ஒன்று இருக்கிறதே என்றால், அது பனி கட்டாத வகையா என்று பாருங்கள். பனி கட்டாமல் இருக்க அது நாளுக்குச் சில தடவை தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். ஐஸ்கிரீமுக்குச் சரி, இதற்கு ஆகாது. -80-இல் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பிவிட்டால் மின்சாரம் போகும்போது வெப்பம் ஏற அதிக நேரம் ஆகும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து "இன்னும் குளிர்ச்சியா இருக்கா" என்று பார்ப்பதுதான் பெரிய தவறு.

நீர்க்கும் கணக்கு

மூலச் செறிவு மைக்ரோலிட்டருக்கு 1.6 மைக்ரோகிராம், வேண்டியது 0.25 என்று வைப்போம். 3 மைக்ரோலிட்டர் பங்கில் 4.8 மைக்ரோகிராம் இருக்கிறது. 4.8-ஐ 0.25-ஆல் வகுத்தால் 19.2. ஆக 16.2 மைக்ரோலிட்டர் ஸ்டெரைல் பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) சேர்க்க வேண்டும். ஓர் எலிக்கு 0.8 மைக்ரோலிட்டர் செலுத்தினால் 0.2 மைக்ரோகிராம் போகும். 19.2-ஐப் பார்த்து 24 எலி செய்யலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவை சிரிஞ்சு நிரப்பும்போதும், ஓட்டம் சரிபார்க்கும்போதும் ஒன்றரை இரண்டு மைக்ரோலிட்டர் வீணாகும். ஒரு நாளைக்கு ஆறு எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மிஞ்சியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

பிபிஎஸ்ஸில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது. அது நியூரானுக்கே நஞ்சு. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வந்ததாக இருக்கட்டும். வேலூர் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் கழுவிய கண்ணாடிச் சாமானையும் கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

நீர்த்த பிறகு 10,000 ஜி-யில் இரண்டு நிமிடம் சுற்றி, மேலிருந்து எடுங்கள். அடியில் எதுவும் தெரியாவிட்டாலும் கடைசி ஒரு மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள்.

0.2 மைக்ரோகிராம் என்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். முதலில் 0.1, 0.2, 0.4 என்று மூன்று அளவுகளில் அளவுக்கு மூன்று எலி செய்து பாருங்கள். அளவு கூடினால் ரிசப்டார் இல்லாத செல்லும் நஞ்சைக் குடிக்கத் தொடங்கும். பக்கத்தில் இருக்கும் காபா செல்கள் போகும். கோலினர்ஜிக் செல் போய், பார்வால்புமின் (காபா செல்லை அடையாளம் காட்டும் புரதம்) உள்ள காபா செல் அப்படியே நிற்கும் அளவுதான் உங்கள் அளவு. ஒன்பது எலி செலவாகிறதே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு நாற்பது எலியைத் தூக்கி எறிகிறார்கள்.

ஸ்டீரியோடாக்சிக் மேசையில்

ஸ்டீரியோடாக்சிக் கருவி எலியின் தலையை அசையாமல் பிடித்து, ஊசியை அளந்து இறக்கும். எங்கே இறக்குவது என்ற எண்களைத் தரும் மூளை வரைபட நூலான பாக்ஸினோஸ்–வாட்சன் அட்லஸ் 290 கிராம் சராசரி எடையுள்ள ஆண் விஸ்டார் எலிகளை வைத்து வரைந்தது. உங்கள் எலி 200 கிராம் என்றால் அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. மருந்து செலுத்துவதற்கு முன், மயக்கத்திலிருந்து எழாமலே முடித்துக்கொள்ளும் ஓர் எலியில் மை செலுத்தி, மூளையை வெட்டிப் பார்த்து எண்ணைத் திருத்துங்கள்.

தலை மட்டம் முக்கியம். பிரெக்மாவின் உயரமும் லாம்டாவின் உயரமும் (மண்டை ஓட்டின் தையல்கள் கூடும் முன், பின் புள்ளிகள்) 0.1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கக் காதுக்கம்பி சரியாக உட்காராவிட்டால் தலை லேசாகச் சுழன்றிருக்கும். பிரெக்மாவிலிருந்து இரு பக்கமும் 2 மி.மீ. தள்ளித் தொட்டு உயரத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மீடியல் செப்டம் நடுக்கோட்டில், பிரெக்மாவுக்கு அரை மி.மீ. முன்னால் இருக்கிறது. நடுக்கோட்டில் நேராக இறங்கினால் மேலே ஓடும் பெரிய சிரைக்குழாய் கிழியும். குழி ரத்தத்தில் நிரம்பி எதுவும் தெரியாது. அதனால் 10 டிகிரி சாய்த்து இறங்குங்கள். இலக்கு 6.5 மி.மீ. ஆழம் என்றால், பக்கவாட்டில் 6.5 × 0.176 = 1.14 மி.மீ. தள்ளித் துளை; ஊசி போக வேண்டிய தூரம் 6.5 ÷ 0.985 = 6.6 மி.மீ. கருவியைச் சாய்த்த பிறகே ஊசி முனையால் பிரெக்மாவைத் தொட்டுச் சுழியம் எடுக்க வேண்டும். நேராக வைத்து எடுத்த சுழியம், சாய்த்ததும் செல்லாது.

மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் இருந்தால் நல்லது. கீட்டமின் அட்டவணை எக்ஸ் (சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட) மருந்து. கணக்கு, பூட்டு, பதிவேடு எல்லாம் வேண்டும். அடியில் வெப்பத்தட்டு வைத்து உடலை 37 டிகிரியில் வையுங்கள். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது எலிக்கு வெப்பத்தட்டா என்று தோன்றும். அறையில் ஏசி 22-இல் ஓடுகிறது, மயங்கிய எலியால் தன் சூட்டைக் காக்க முடியாது. வலிநீக்கியை அறுவைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

டியூராவை (மூளையை மூடும் தடித்த சவ்வு) ஊசி முனையால் கீறித் திறந்த பிறகே சிரிஞ்சை இறக்க வேண்டும். திறக்காமல் அழுத்தினால் மூளை அமுங்கும், ஆழம் தவறும், முனையில் திசு அடைக்கும். இறக்கும் முன் காற்றில் 0.1 மைக்ரோலிட்டர் தள்ளி, முனையில் துளி வருவதைப் பாருங்கள், துடைத்துவிட்டு இறக்குங்கள். இலக்கைவிட 0.2 மி.மீ. கீழே போய், திரும்ப மேலே வந்து நிறுத்தினால் மருந்து தங்க ஒரு சிறு பை கிடைக்கும். நிமிடத்துக்கு 0.1 மைக்ரோலிட்டர் வேகத்தில் எட்டு நிமிடம். முடிந்ததும் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். அவசரப்பட்டு இழுத்தால் மருந்து ஊசி வந்த வழியிலேயே மேலேறி, நீங்கள் தொட நினைக்காத இடத்தில் தங்கும். வெளியே எடுத்த பிறகு மீண்டும் 0.1 தள்ளிப் பாருங்கள். துளி வரவில்லையா? ஊசி அடைத்திருந்தது. அந்த எலியின் எண்ணுக்குப் பக்கத்தில் அப்போதே குறியிடுங்கள். முடிவு தெரிந்த பிறகு குறியிட்டால் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

பம்பை யுபிஎஸ்ஸில் இணையுங்கள். நடுவில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் பல பம்புகள் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கவனிக்காமல் மறுபடி பொத்தானை அழுத்தினால் எலிக்கு ஒன்றரை மடங்கு போய்விடும். செலுத்தும் முன் சிரிஞ்சின் பிஸ்டன் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று எழுதிவைத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

கன்ட்ரோல் எலிகளுக்கு வெறும் பிபிஎஸ் போதாது. எதையும் பிடிக்காத ஐஜிஜி-யோடு கோத்த சப்போரினை அதே அளவில் ஒரு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவிலும் செல் செத்திருந்தால், உங்கள் மருந்து குறி பார்த்துக் கொல்லவில்லை, கண்ணில் பட்டதையெல்லாம் கொல்கிறது.

கையுறை, கண்ணாடி, ஊசி குத்தாத கவனம், இவை சொல்லாமலே தெரியும். சப்போரின் சூட்டை நன்றாகத் தாங்கும் புரதம் என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டோகிளேவை மட்டும் நம்ப வேண்டாம். சிரிஞ்சு, குழாய், மிச்சக் கரைசல் எல்லாவற்றையும் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவிட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். செறிவும் நேரமும் வயலோடு வந்த பாதுகாப்புத் தாளில் இருப்பதே.

செத்ததா, ஒளிந்திருக்கிறதா

இரண்டு வாரம் விடுங்கள். தினமும் எடை பாருங்கள். பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடு (திசுவைக் கெட்டிப்படுத்தும் கரைசல்) செலுத்தி, 40 மைக்ரான் வெட்டுகள் எடுத்து, ஆறில் ஒன்றைச் சாயமிடுங்கள்.

பி75-க்குச் சாயமிட்டு "ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் செத்துவிட்டது" என்று முடிப்பது மிகச் சுலபமான ஏமாற்றம். நீங்கள் செலுத்திய ஆன்டிபாடியே ரிசப்டாரை மறைத்தோ உள்ளே இழுத்தோ இருக்கலாம். அசிட்டைல்கோலினைச் செய்யும் சாட் நொதிக்குச் சாயமிடுங்கள். சாட் ஆன்டிபாடிகளில் பல ஆட்டில் செய்தவை. இரண்டாம் ஆன்டிபாடியை (முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிர்வது) கழுதையில் செய்ததாக எடுத்து, தடுப்புக்கும் கழுதை சீரமே பயன்படுத்துங்கள். ஆட்டு சீரத்தால் தடுத்தால் வெட்டு முழுக்க ஒளிரும், கண் கூசும். 192 சுண்டெலி ஆன்டிபாடி என்பதையும் நினைவில் வையுங்கள்: செலுத்திய சில நாளில் எடுத்த மூளையில் சுண்டெலிக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டால், அது நீங்கள் செலுத்திய மருந்தையே காட்டும். மருந்து எங்கெல்லாம் பரவியது என்று பார்க்க வேண்டுமானால் இதையே வேண்டுமென்று செய்யலாம்.

சாட் காணோம் என்றாலும் செல் செத்தது என்று உறுதியாகாது. காயம்பட்ட கோலினர்ஜிக் செல் உயிரோடு இருந்துகொண்டே சாட் செய்வதை நிறுத்திவிடும்; ஃபிம்பிரியா-ஃபார்னிக்ஸை (செப்டத்தையும் ஹிப்போகாம்பஸையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டு) வெட்டிய எலிகளில் இது பார்க்கப்பட்டது. இதற்கு வழி, மருந்துக்கு ஒரு வாரம் முன்பே ஹிப்போகாம்பஸில் ஃப்ளூரோகோல்டு என்ற ஒளிரும் சாயத்தைச் செலுத்துவது. அது செப்டம் செல்களுக்குப் பின்னோக்கிப் போய்த் தங்கும். கன்ட்ரோல் எலியில் சாட்டும் ஃப்ளூரோகோல்டும் சேர்ந்து ஒளிரும் செல்களை எண்ணி வையுங்கள். மருந்து கொடுத்த எலியில் சாட் போய் ஃப்ளூரோகோல்டு எண்ணிக்கை குறையாமல் இருந்தால் செல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் போய்விட்டது. செத்த செல்லின் சாயத்தை மைக்ரோக்ளியா (மூளையின் துப்புரவுச் செல்) தின்று ஒளிரும். சின்னதாக, ஒழுங்கற்ற வடிவில் தெரியும், அதை எண்ணாதீர்கள்.

அதே வரிசை வெட்டுகளில் பார்வால்புமினும் ந்யூஎன்னும் (பொதுவான நியூரான் அடையாளம்), ஹிப்போகாம்பஸ் வெட்டில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் (அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி) சாயமும் போடுங்கள். பர்கின்ஜி செல்லுக்காகச் சிறுமூளையிலிருந்து நான்கு வெட்டாவது எடுங்கள், செப்டத்தில்தான் செலுத்தினீர்கள் என்றாலும். லேட்டரல் வென்ட்ரிக்கிள் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி அரை மி.மீ. விலகினாலும் மருந்து அதில் கலந்து சிறுமூளை வரை போகும்.

செல் ஒன்றும் குறையவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: விலங்கு எலிதானா, ஊசி அடைத்ததா, பங்கு எத்தனை தடவை உருகியது, இலக்கு தவறியதா. எல்லாச் செல்லும் போயிருந்து வெட்டில் ஓட்டையே தெரிந்தால், அளவு அதிகம் அல்லது வேகம் அதிகம். ஒரு பக்கம் போய் மறுபக்கம் இருந்தால், தலை சுழன்றிருந்தது. ஊசித் தடம் முழுக்கச் செல் குறைந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் யாரோ பொறுக்கவில்லை. ஒரே நாளில் செய்த எலிகளில் முதல் மூன்று நன்றாகவும் கடைசி மூன்று மோசமாகவும் இருந்தால், நீர்த்த மருந்து பனிக்கட்டியை விட்டு மேசை மேல் நின்றிருக்கிறது.

எண்ணுகிறவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. ஸ்லைடின் லேபிள் மேல் வேறொருவர் காகிதம் ஒட்டி எண் போட்டுக் கொடுக்கட்டும்; அந்தத் தாளை எண்ணி முடிக்கும் வரை அவரே வைத்திருக்கட்டும்.